இடது பாதி

பௌதாஸோ அண்ணன் தம்பி சொத்துப் பிரித்தபோது, ஊர் நீதிபதியின் எழுத்தர் கடைசி வரியில் ‘மோட்டார் சைக்கிள், ஆளுக்குப் பாதி’ என்று எழுதி வைத்தார். யாராவது ஒருத்தன் விட்டுக்கொடுத்துவிடுவான் என்று நினைத்திருப்பார். வெளியூர்க்காரர், எங்கள் ஊர் கொலோனியா பெர்தீனாவின் ஆட்களை அவருக்கு என்ன தெரியும்? வண்டியின் எஞ்சின் அப்போது பட்டறை மேசையில் பிரித்துக் கிடந்தது. மறுநாள் காலையிலேயே அண்ணன் ஒவிதியோ போய் எஞ்சின் உடம்பின் இடது பாதியைப் பொறுக்கித் தூக்கிக்கொண்டு வந்தான். தம்பி நேரியோவுக்கு வலது பாதி. வண்டிச் சட்டமும் சக்கரமும் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கும் அண்ணனுக்கு, சிலிண்டரும் பெட்ரோல் டாங்கும் தம்பிக்கு. பிறகு முற்றத்தின் குறுக்கே ஒரு சுவர் எழும்பியது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குப் பதிமூன்று வருஷம் ஒரு வார்த்தை போகவில்லை.

நான் எதிர்வீடு, தெல்மா ராக்கா. முப்பது வருஷம் இந்த ஊரின் தொலைபேசி இணைப்பகம் என் முன்னறையில்தான் இருந்தது. பேச வேண்டியவர்கள் என் கதவைத் தட்டுவார்கள், நான் கம்பியைச் செருகி இணைப்பேன். பகல் ஒன்றிலிருந்து நாலு வரை சியெஸ்தா, ஊரே கதவடைத்துத் தூங்கும் நேரம். அந்த நேரத்தில் பிஷப்பே செத்தாலும் இணைப்பு கிடையாது. அது விதி, அந்த விதியை நான் எழுதவில்லை.

சண்டைக்குக் காரணமும் ஒரு சியெஸ்தாதான். 1978 ஜனவரி, வடகாற்று நெருப்பாக வீசிய நாள். அவர்களுடைய அப்பா, கிழவர் பத்திஸ்தா, மாட்டுக்கொட்டிலில் விழுந்துவிட்டார். டாக்டர் இருப்பது பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் பட்டணத்தில். நேரியோ அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். மூன்றாவது கிலோமீட்டரில், யூக்கலிப்டஸ் வரிசை முடிகிற திருப்பத்தில், எஞ்சின் கவ்விப் பிடித்து நின்றுவிட்டது. மீதித் தூரம் ஓடினான். டாக்டர் வந்து சேர்ந்தபோது கிழவர் கண்ணை மூடி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தச் சின்ன எஞ்சின்களுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். மறந்தால் உள்ளே பிஸ்டன் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிணத்தைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும்போது ஒவிதியோ எழுந்து நின்று, “நீ எண்ண ஊத்தல” என்றான். நேரியோ, “ஊத்துனதாத்தான் ஞாபகம்” என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அன்றிலிருந்து அவன் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்கு நாலு கிலோமீட்டர், போக நடை, வர நடை. சைக்கிள்கூட வேண்டாம் என்றுவிட்டான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க ஆளில்லாமல் இல்லை, கேட்டால் சிரித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவான்.

போன வருஷக் கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். எங்கள் கிளைப்பாதையில் லாபமில்லையாம். ஒவிதியோவின் மகள் மிர்னாவுக்கு எல் துராஸ்னோவில் வாத்தியார் வேலை, அந்த யூக்கலிப்டஸ் திருப்பத்தைத் தாண்டிப் போகிற பாதையில் இருபத்திரண்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடமே ஒரே அறை, பதினாலு பிள்ளைகள். நாலு வருஷம் தற்காலிகமாக இருந்துவிட்டு இந்த வருஷம்தான் நிரந்தரமாகி இருந்தாள். மார்ச் முதல் திங்கள் காலை எட்டு மணிக்கு அவள் அங்கே நின்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் தினமும் போய்வர வேண்டும். அந்த மண்பாதைக்கு பஸ் கிடையாது. ஊரில் கார் வைத்திருக்கிறவனெல்லாம் விதைப்பு, பால் என்று அவனவன் பாட்டைப் பார்க்கிறவன்.

ஒவிதியோ கொட்டகையிலிருந்து துருப்பிடித்த சட்டத்தை வெளியே இழுத்தான். பட்டணத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய், அதே ரக வண்டி ஒன்றின் வலது பாதியை வாங்கி வந்தான். பார்த்தால் அச்சு அசல் அதேதான். ஆனால் இந்த எஞ்சின்களின் இரண்டு பாதிகளையும் தொழிற்சாலையில் சேர்த்துப் பூட்டித்தான் கடைவார்கள். அதனால்தான் இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்தியிருப்பார்கள். ஒரு ஜோடியின் பாதி இன்னொரு ஜோடியோடு சேராது. ஒவிதியோவுக்கு அது தெரியாதா? டிராக்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன். தெரிந்தும் மூன்று நாள் உட்கார்ந்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை நான் ஒரு கிண்ணம் அத்திப்பழ ஜாம் எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி ஒனேலியா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

“எத்தன நாளா ராவுற? அது என்ன உன் கால் நகமா?”

“கிட்ட வந்துடுச்சு.”

“கிட்ட வந்து என்ன செய்ய? சுத்திக் காட்டு, பாப்போம்.”

ஒவிதியோ கிராங்கைச் சுற்றினான். கால் சுற்று வந்து கடக்கென்று நின்றது. இந்தப் பக்கம் சுற்றினான். மறுபடி கடக்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் இதோட ஜோடி கெடக்கு. பத்தடி தூரம்.”

“அது பத்தடி இல்ல, ஒனேலியா.”

“பின்ன எத்தன? அளந்து வச்சிருக்கியா?”

கதவருகே மிர்னா வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியார் கோட்டு, கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்றது. அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“விடுங்கம்மா. நான் நடந்தே போறேன்.”

“இருவத்திரெண்டு கிலோமீட்டரா? பைத்தியமா ஒனக்கு?” என்றான் ஒவிதியோ.

“சித்தப்பா நடக்கலயா?”

அரம் நின்றது. ஒவிதியோ எழுந்து போய்க் குழாயில் கை கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். அழுக்குக்குத்தான் கழுவுகிறான் என்று நானும் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மிர்னாவே சித்தப்பாவிடம் போனாள். திரும்பி வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

“தர்றேங்கறாரு தெல்மாக்கா. ஆனா தன் பாதி அந்த வீட்டுக்குள்ள போவாதாம். அப்பாவோட பாதிய அங்க கொண்டு வரணுமாம். சேத்து முடிச்சு, எஞ்சினா வெளிய வரட்டுங்கறாரு.”

“உங்கப்பன் என்னங்கறான்?”

“அவரு பாதி அந்த வீட்டுக்குள்ள போவாதாம்.”

எனக்கு வந்ததே கோபம். தெருவில் இறங்கி நின்று இரண்டு வாசலுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

“ரெண்டு கழுதைகளும் சனிக்கிழம காலைல என் வீட்டுக்கு வாங்க! எம் மேச இருக்கு, எம் அடுப்பு இருக்கு. அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டீங்கன்னா, நான் சாவறவரைக்கும் ரெண்டு பேருக்கும் வணக்கம் சொல்ல மாட்டேன்!”

சனிக்கிழமை வந்தார்கள். வடகாற்று ஆரம்பித்திருந்தது. ஜன்னல் விளிம்பெல்லாம் தூசி, வானத்தில் பழுப்பு மேகம் சும்மா நின்றுகொண்டு மிரட்டியது. மழை பிடித்தால் திங்கட்கிழமை பாதை சேறாகும், அது ஒரு கவலை. நான் மேசை மேல் ஆயில் துணி விரித்தேன். இருவரும் ஒரே குழலில் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்ச மாட்டார்கள் என்று தெரியும், அதனால் இரண்டு குடுக்கை, இரண்டு குழல் எடுத்து வைத்தேன். வீட்டில் விருந்து நடப்பதைப் போல ஒனேலியா ரொட்டியும் சலாமியும் நறுக்கிக் கொண்டுவந்தாள்.

நேரியோ முதலில் வந்தான். அவனுடைய பாதியைத் துடைத்துத் துடைத்து வெள்ளிப் பாத்திரமாக்கி வைத்திருந்தான். சிலிண்டரைப் பட்டணத்துக்கு நடந்தே தூக்கிப்போய்க் கடைந்து, புது பிஸ்டனும் போட்டு, பழைய பனியனில் சுற்றி வைத்திருந்தான். எப்போது செய்தான் என்று கேட்டேன். “போன வருஷம். ரயில நிறுத்துறாங்கன்னு கேள்விப்பட்டப்ப” என்றான். அந்தப் பெண்ணை அவன் குழந்தையில் தூக்கி வளர்த்தவன்.

ஒவிதியோ ஒரு மணி நேரம் கழித்து வந்தான். மாவுச் சாக்கில் சுற்றிய பாதியைக் கதவருகிலேயே வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது. கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தான், ஆனால் சாக்கை அவிழ்க்கவில்லை.

“தெல்மாக்கா, பேரிங் வாங்குனாரான்னு கேளுங்க” என்றான் நேரியோ.

“ஒவிதியோ, பேரிங் வாங்குனியாங்கறான்.”

“எனக்குக் காது இருக்கு. வாங்கி நேத்தே ஒங்க குளிர்ப்பெட்டில வச்சாச்சுன்னு சொல்லுங்க.”

“அவனுக்கும் காது இருக்கு. ரெண்டு பேருக்கும் காது இருந்தா நான் எதுக்குடா நடுவுல? இணைப்பகத்த மூடி மூணு வருஷமாச்சு, எனக்கு ஓய்வூதியம் வருது.”

ஒனேலியா சிரித்துவிட்டாள். நேரியோவின் உதட்டோரமும் லேசாக அசைந்தது. ஒவிதியோ சிரிக்கவில்லை.

வேலை இதுதான். எஞ்சின் பாதியை அடுப்பில் சூடாக்கினால் அலுமினியம் விரியும். குளிர்ப்பெட்டியில் வைத்த இரும்பு பேரிங் சுருங்கும். சூட்டோடு சூடாகக் குழியில் போட்டால் அது தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அரை நிமிஷம்தான் அவகாசம். கோணலாக விழுந்தால் நடுவில் சிக்கிக்கொள்ளும், பிறகு அடித்து எடுத்தால் பாதியே பாழ். ஒருத்தர் சூடான பாதியை மட்டமாகப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் போட வேண்டும்.

என் அடுப்பின் சூடுகாட்டி செத்துப் பல வருஷமாகிறது. “எச்சில் துப்புனா சொர்ருன்னு ஓடணும், அதான் அளவு” என்றான் நேரியோ. ஒனேலியா அதட்டினாள்.

“ரொட்டி சுடுற அடுப்புல துப்புனீங்கன்னா கைய ஒடச்சிருவேன். தண்ணி தெளிச்சு நான் பாத்துச் சொல்றேன். அடுப்புச் சூடு எனக்குத் தெரியாதா?”

“சரிங்கண்ணி.”

பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு அவளை அவன் அப்படிக் கூப்பிட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. ஒனேலியா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேரியோவின் வலது பாதி அடுப்புக்குள் போயிற்று. அது சூடாகட்டும், அதற்குள் மற்றதில் பழைய சீலைக் கழற்றிவிடலாம் என்று அவன் சாக்கை இழுத்து அவிழ்த்தான். சீல் என்பது கிராங்க் வெளியே வரும் துளையில் செருகியிருக்கிற மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் வளையம். சூடு பட்டால் உருகிவிடும் என்பதால் முதலில் எடுத்துவிட வேண்டும். திருப்புளியை எடுத்தான். துளையை வெளிச்சத்தில் திருப்பினான். இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தான்.

“தெல்மாக்கா” என்றான். குரல் மாறியிருந்தது. “அவர்கிட்டச் சொல்லுங்க. இந்த சீலு தலகீழா இருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஒவிதியோ பேசிவிட்டான். தம்பியைப் பார்த்து, நேராக.

“தெரியும்.”

“வளையத்தோட உதடு உள்பக்கம் பாக்கணும். இது வெளிய பாக்குது.”

“தெரியும், நேரியோ.”

“இப்படி இருந்தா காத்த உறிஞ்சும். பக்கத்துல போய்வந்தா ஒண்ணும் தெரியாது. வெயில்ல முழு வேகத்துல போனா, எண்ண ஊத்துனாலும் சரி ஊத்தாட்டியும் சரி, வெந்து புடிச்சுக்கும்.” அவன் எங்கள் எல்லோருக்கும் பாடம் சொல்கிறவனைப் போல நிதானமாகச் சொன்னான். கை மட்டும் திருப்புளியை விடவில்லை. “இத மாட்டுனது யாரு?”

“நான்தான். அப்பா விழறதுக்கு முந்துன வாரம் புதுசு வாங்கி மாட்டுனேன்.”

“எப்பலேருந்து தெரியும் உனக்கு?”

“அப்பாவப் பொதச்ச அடுத்த வாரம், எஞ்சினப் பிரிச்சப்ப. அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஊருக்கு முன்னால அப்படிச் சொல்லிட்டு எப்படிப் போய்ச் சொல்றதுன்னு ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். வாரம் மாசமாச்சு, மாசம் வருஷமாச்சு. அப்புறம் வாயே வரல.”

“அதான் இடது பாதிய நீ எடுத்தியா?”

“ஆமா.”

“இன்னிக்குக் கழட்டிட்டுக் கொண்டாந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப் போவுது?”

“கழட்டத்தான் உக்காந்தேன். காலைல ஒரு மணி நேரம் திருப்புளிய வச்சிட்டு உக்காந்திருந்தேன். முடியல.”

ஒனேலியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவனோடு ஒரே கட்டிலில் படுத்தவளுக்கும் இது தெரியாது. மிர்னா அப்பாவைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு மட்டும் வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த ஜனவரி சியெஸ்தாவில் என் கதவை யாரோ தட்டினார்கள். சியெஸ்தாவில் தட்டுகிறவன் ஒன்று சீப்பு விற்கிறவன், இல்லாவிட்டால் விஷமம் செய்கிற பொடியன் என்று நான் புரண்டு படுத்துக்கொண்டேன். மறுபடி தட்டினார்கள், அதற்கும் எழவில்லை. எழுந்து கம்பியைச் செருகியிருந்தால் டாக்டர் காரில் இருபது நிமிஷத்தில் வந்திருப்பார். இந்த அண்ணன் தம்பியைத் தெருவில் நின்று கழுதை என்று கத்தினவள் நான்.

நேரியோ திருப்புளியை மேசை மேல் மெதுவாக வைத்தான். எழுந்தான், கதவைத் திறந்து வெளியே போய்விட்டான். தூசிக்காற்று உள்ளே வந்து ஆயில் துணியின் ஓரத்தைத் தூக்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஒனேலியாதான் அசைந்தாள். அடுப்பைத் திறந்து விரலை நனைத்துத் தெளித்தாள். நீர்முத்து அலுமினியத்தின் மேல் உருண்டு ஓடியது.

“ஓடுது” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். “இதுக்கு மேல வச்சா கெட்டுப் போவும். யாராவது ஏதாவது செய்யுங்க.”

ஒவிதியோ கைத்துணியை எடுத்து ஒற்றை ஆளாக அடுப்புக்கு முன் குனிந்தான். பிடிக்கவும் அவனே, போடவும் அவனே என்றால் நடக்காது என்று அவனுக்கே தெரியும். ராவிக்கொண்டிருந்த மூன்று நாளும் தெரிந்ததுதானே.

கதவு திறந்தது. நேரியோவின் தலைமுடியெல்லாம் தூசி. சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தான்.

“தெல்மாக்கா,” என்றான், “அவர்கிட்டச் சொல்லுங்க, நகந்துக்கச் சொல்லுங்க. அது எம் பாதி.”

ஒவிதியோ நகர்ந்தான். நேரியோ சூடான பாதியை வெளியே எடுத்து இரண்டு மரக்கட்டை மேல் மட்டமாகப் பிடித்தான். ஒவிதியோ குளிர்ப்பெட்டியிலிருந்து மிலனேசா இறைச்சித் துண்டுகளுக்கு நடுவில் வைத்திருந்த பேரிங்கை எடுத்து வந்தான். இரும்பின் மேல் பனி பூத்திருந்தது. குழிக்கு நேராகப் பிடித்தான். என் வழியாகப் பேச இனி நேரமில்லை.

“நேரா,” என்றான் நேரியோ. “உம்பக்கம் கொஞ்சம். இன்னும். இப்ப விடு!”

டொக் என்று ஒரு சத்தம். போய் உட்கார்ந்துவிட்டது. நான் கேட்ட சத்தங்களிலேயே அது நல்ல சத்தம். ஆனால் ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

மீதி வேலை சாயங்காலம் வரை நடந்தது. இடது பாதி, புது சீல், கிராங்க். இரண்டு பாதியையும் சேர்த்தபோது கத்தியின் முனைகூட நுழையாத மாதிரிப் பொருந்தின. என் பழைய தொலைபேசிப் புத்தகத்தின் அட்டையை வெட்டி, கசியாமல் இருக்க நடுவில் வைத்தார்கள். கிராங்க் வழுக்கிக்கொண்டு சுற்றியது. வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர நேரியோ ஒரு சொல் பேசவில்லை. அதையும் என்னிடம்தான் சொன்னான். பதிமூன்று வருஷம் அண்ணன்தான் பேசாமல் இருந்தான், தம்பி தலையைக் குனிந்திருந்தான். இப்போது தம்பியின் தலை நிமிர்ந்திருந்தது. ஒவிதியோ இரண்டு முறை “நேரியோ” என்று ஆரம்பித்தான். இரண்டு முறையும் நேரியோ இறுக்கிய போல்ட்டையே திரும்ப இறுக்கினான். போகும்போது பழைய சீலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஞாயிறு பகல் மூன்று மணிக்கு எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றித் தயார் செய்துவிட்டார்கள். மேகம் எங்கள் தலைக்கு மேல் வந்து, மனசு மாறி, வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. பெட்ரோல் கலக்க வேண்டும். கேனைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு ஆண்களும் மரம் மாதிரி நின்றார்கள். எண்ணெய் அளக்கிற சின்னக் கண்ணாடிக் குவளையை யாரும் தொடவில்லை.

நேரியோதான் அதை எடுத்து மிர்னாவின் கையில் கொடுத்தான்.

“புது பிஸ்டன், அதனால ஒரு குவள கூட ஊத்தணும். நீ ஊத்தும்மா. சத்தமா எண்ணிக்கிட்டே ஊத்து. எல்லாரும் பாத்துக்கட்டும்.”

மிர்னா ஒன்று, இரண்டு, மூன்று என்று பள்ளிக்கூடக் குரலில் எண்ணி ஊற்றினாள். ஒவிதியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மூன்று எண்ணும் அவன் மேல் விழுந்ததை நான் பார்த்தேன். பாவம் என்றும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

ஐந்தாவது உதையில் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்க நீலப் புகை. பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று திறந்து, “சியெஸ்தா நேரத்துல எவன்டா அவன்? மாட்டுக்குப் பொறந்தவனுங்களா!” என்று ஒரு குரல் வந்தது.

“பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கப் போற வண்டிடா, மூடிட்டுத் தூங்கு!” என்றேன்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மிர்னா கிளம்பினாள். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்திருந்தாள், தலையில் துண்டு. “மொத நூறு கிலோமீட்டர் மெதுவாப் போ. ஏறுன சூடு எறங்க நடுவுல ரெண்டு தடவ நிப்பாட்டு” என்றான் நேரியோ. அப்பாவின் கன்னத்தில் அவள் முத்தம் கொடுத்தாள். கொடுக்காமல் போய்விடுவாளோ என்று நான் பயந்திருந்தேன். ஆனால் வழக்கமான முத்தத்தைவிட அது சிறியது.

வண்டி போயிற்று. எங்கள் ஊர் தட்டை, அந்த நேரத்தில் காற்றும் இல்லை. சத்தம் ரொம்ப தூரம் கேட்கும். ஒவிதியோ அவன் வாசலில் நின்றான். நேரியோ அவன் வாசலில் நின்றான். நான் தெருவுக்கு இந்தப் பக்கம். மூன்று பேரும் எதைக் கேட்க நிற்கிறோம் என்று மூன்று பேருக்கும் தெரியும். தண்டவாளத்தைத் தாண்டும்போது சத்தம் லேசாகக் குலுங்கியது. பிறகு சீராகப் போய்க்கொண்டே இருந்தது. யூக்கலிப்டஸ் வரிசைக்குள் நுழைந்ததும் மழுங்கியது. அங்கே ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி மெல்லிசாக, ஆனால் தெளிவாக, திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

“தாண்டிட்டா” என்றான் ஒவிதியோ. “நேரியோ, தாண்டிட்டாடா.”

நேரியோ அண்ணனைப் பார்க்கவில்லை. தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தான். நாற்பத்து நாலு வயது ஆள், முகமெல்லாம் நனைந்திருந்தது.

“நான் ஊத்தியிருந்தேன் தெல்மாக்கா. ரெண்டு குவள. அவசரத்துல கையில கொஞ்சம் சிந்துச்சு, சட்டையில தொடச்சேன். அந்த ஞாபகம்கூட நானா கட்டிக்கிட்டதோன்னு நெனச்சுட்டேன். எங்கப்பன நான்தான் கொன்னேன்னு நெனச்சுட்டேன். ஊத்தியிருந்தேன்க்கா. ஊத்தித்தான் இருந்தேன்.”

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். மாத்தேக்குத் தண்ணீர் சூடாக்கினேன். அவன் முதல் குடுக்கையை உறிஞ்சி முடித்தான். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை நான் என் சொந்த மேசையில் பார்த்துவிட்டேன்.

“நேரியோ. அன்னிக்கு எங்கதவத் தட்டுனது நீதானே?”

“ஆமா.”

“அன்னிக்கு நான் எங்கயும் போயிருக்கல. உள்ளதான் இருந்தேன். கேட்டுச்சு. எந்திரிக்கல.”

அவன் குடுக்கையைத் திருப்பி என் பக்கம் நீட்டினான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“தெரியும்க்கா. ஒங்க துணிச்செருப்பு படியிலதான் கெடந்துச்சு.”

நான் அடுத்த மாத்தேக்குத் தண்ணீர் ஊற்றினேன். பாதி மேசை மேல் போயிற்று. அவன் எழுந்து துணியை எடுத்து அதைத் துடைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தான்.